மனைக்கு அடியில் உள்ள மண்

மாமல்லபுரத்துக் குன்றுகளைக் குடைந்து மண்டபம் சமைத்த பல்லவருக்குக் கடைக்கால் தேவைப்படவில்லை, பாறையே கோயிலாயிற்று. அங்கிருந்து வடக்கே சில கல் தொலைவில் சாளுவன்குப்பம். 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபின் அங்கே கல்வெட்டுப் பாறைகள் தலைகாட்டின. அவற்றைப் பற்றிக்கொண்டு தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, மணலுக்குள் புதைந்திருந்த முருகன் கோயில் வெளிப்பட்டது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கும் அடியில் அதனினும் தொன்மையான செங்கற் கோயில் கிடந்தது.

செங்கல்பட்டு மாவட்டத்து நிலம் இப்படித்தான், நடக்க நடக்க மாறும். மேற்கே சார்னோகைட் குன்றுகளும் பாறை சிதைந்து உண்டான மண்ணும், நடுவே ஏரிப்படுகைகளின் களிமண், பக்கிங்காம் கால்வாயோரம் உவர்ச்சேறு, அதற்கப்பால் மணல்மேடு. ஆகவே, “பக்கத்து மனையில் மூன்று மாடி நிற்கிறதே” என்று தரகர் காட்டும் சான்று இங்கே செல்லாது. முன்பணம் கொடுக்குமுன் அந்த மனையின் மண்ணையே ஆராய வேண்டும்.

மண் ஆய்வு என்றதும் சிலர் ஒரு கிலோ மேல்மண்ணை வேளாண்மைத் துறை ஆய்வகத்துக்குக் கொண்டு செல்கின்றனர். தழை, மணி, சாம்பல் சத்துகளை அளப்பது பயிருக்கான ஆய்வு. வீட்டுக்கு வேண்டியது ஆழத்து மண்ணின் தாங்குதிறன்.

அதை அறியும் முறை எளியது, நுட்பமானது. முக்காலி நாட்டித் துளையிட்டு, துளையின் அடியில் இரு பாதியாகப் பிரியக்கூடிய எஃகுக் குழாயை இறக்குவர். 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டி 75 செ.மீ. உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழும். குழாய் 45 செ.மீ. இறங்க வேண்டும். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது, துளையிடுகையில் கலைந்துபோன மண் அது. எஞ்சிய 30 செ.மீ. இறங்க எத்தனை அடிகள் விழுந்தனவோ, அந்த எண்ணே மண்ணின் வலிமைக்கு அளவு. மணலில் அது 10க்குக் குறைந்தால் நெகிழ்ந்த மணல்; 30ஐக் கடந்தால் இறுகிய மணல். பின் குழாயைப் பிரித்தால், கொட்டி நிரவிய புதுச் செம்மண்ணுக்குக் கீழே கரிய களியும் மக்கிய கோரைவேரும் தென்படுவதுண்டு. ஏரி உள்வாயைத் தூர்த்து மனை பிரித்தவர் மறைத்ததை அந்தக் குழாய் சொல்லிவிடும். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்நிலம் எவ்வாறு பதிவாகியிருக்கிறது என்பதையும் உடன் பார்த்துவிடுவது நல்லது.

களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். வீட்டின் ஒரு மூலை எழ, மறுமூலை தாழ, சுவர் சாய்வாக வெடிக்கும். மணலின் தீங்கு வேறு. நெகிழ்ந்த மணலில் நீர் நிறைந்திருக்கையில் நிலம் அதிர்ந்தால், மணற்பரல்கள் ஒன்றையொன்று தாங்கும் பிடியை இழக்கின்றன. பாரம் முழுதும் நீரின் மேல் விழ, நிலமே குழம்பாகிறது. 1964இல் சப்பானின் நிகாட்டா நகரில் நிலநடுக்கத்தின்போது அடுக்குமாடிகள் உடையாமலே, முழுக் கட்டடமாகச் சாய்ந்து படுத்தன. கடலோரத்தில் இன்னொரு பகையும் உண்டு. நிலத்தடி நீரின் குளோரைடு கற்காரைக்குள் ஊடுருவிக் கம்பியை அரிக்கும். துரு பருத்துத் தூணைப் பிளக்கும். எனவே மண்ணோடு நீரையும் ஆய்வுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் பலர் தாங்குதிறன் எண்ணை மட்டும் பார்த்து மூடிவிடுகின்றனர். நான் முதலில் தேடுவது நீர்மட்டத்தையும் துளையிட்ட நாளையும். சித்திரையில் நான்கு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் நீர், வடகிழக்குப் பருவமழை முடிகையில் கடைக்கால் வரை ஏறிவிடலாம். நீரில் மூழ்கிய மணலின் தாங்குதிறன் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். கோடையில் துளையிட்ட அறிக்கையானால், மழைக்கால நீர்மட்டத்துக்குத் தாங்குதிறனைக் கணித்துத் தரும்படி பொறியாளரிடம் கேட்டு, அதன்பின் விலை பேசுங்கள்.