இந்தியாவுக்குச் சிகிச்சைக்குப் போகுமுன்: மதிப்பீட்டுக் கடிதத்தில் இல்லாத கணக்கு

கடந்த மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்ததும் ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. ஏழு வயதுச் சிறுவன், தலசீமியா நோயாளி. சென்னையில் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்ய வேண்டும். செலவு இந்திய நாணயத்தில் 14 இலட்சம், நம் கணக்கில் ஏறத்தாழ 49 இலட்சம் ரூபா. சிறுவனின் வாப்பா வாசலருகில் தலை குனிந்து நின்றார். அன்று மட்டும் நான்கு இலட்சத்துக்கு மேல் சேர்ந்தது. நம் மக்களின் மனசு பெரியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் பிள்ளையின் சகோதரர்களின் இரத்தம் பொருந்துகிறதா என்று பார்த்தாகிவிட்டதா என ஒருவரும் கேட்கவில்லை. நிர்வாக சபையில் இருக்கும் நானும் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது.

இப்படியான கடிதம் வாசிக்கப்படாத வெள்ளிக்கிழமைகள் இப்போது குறைவு. சிறுநீரகம், இருதயம், ஈரல், புற்றுநோய். வைத்தியசாலையின் பெயரும் கணக்கிலக்கமும் மாறும், மற்றதெல்லாம் ஒன்றுதான். ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகப் பேசிவிடுவது நல்லது.

மக்கள் ஏன் போகிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. காத்தான்குடியிலிருந்து கட்டுநாயக்க வந்து சேர ஓர் இரவு வேண்டும். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம். அங்கே தமிழில் பேசலாம், ஹலால் சாப்பாடு கிடைக்கும், திகதி கேட்டால் அடுத்த வாரமே தருவார்கள். இங்கே அரச வைத்தியசாலையில் ஒரு ஸ்கேனுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்ணால் பார்த்தோம். வைத்தியர்கள் கூட்டமாக நாட்டை விட்டுப் போனார்கள். தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்து விவகாரத்தில், முன்னர் சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார். இதற்குப் பிறகும் "ஏன் நம்பிக்கை இல்லை?" என்று ஏழைக் குடும்பத்தைக் கேட்பது நியாயமில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சென்னை அப்பலோ 1983 இல் திறக்கப்பட்டது. அமெரிக்கா சென்று இருதய சத்திரசிகிச்சை செய்யப் பணம் திரட்ட முடியாமல் தன் நோயாளி ஒருவர் இறந்துபோனதே அந்த வைத்தியசாலையைத் தொடங்கத் தன்னைத் தூண்டியது என்று அதன் ஸ்தாபகர் டாக்டர் பிரதாப் சி. ரெட்டி சொல்லி வருகிறார். தம் மக்கள் சிகிச்சைக்காக வெளிநாட்டுக்கு அலையக்கூடாது என்று கட்டிய இடத்துக்குத்தான் இன்று நாம் பணம் திரட்டிக்கொண்டு வெளிநாட்டுப் பயணம் போகிறோம்.

போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. போக வேண்டிய நோயும் உண்டு, தலசீமியாவே அதற்கு நல்ல உதாரணம். குருநாகலில் தலசீமியாவுக்கென்றே அரச நிலையம் இருக்கிறது. இரத்தம் ஏற்றுவதும் உடலில் தேங்கும் இரும்பை வெளியேற்றும் மருந்தும் அங்கே இலவசம். ஆனால் அது நோயைக் கட்டுப்படுத்துமே தவிர, முற்றாகக் குணமாக்க நீண்ட காலமாக உள்ள வழி என்பு மச்சை மாற்றுத்தான். வேலூர் சி.எம்.சி. வைத்தியசாலை 1986 முதல் இதைச் செய்து வருகிறது. அந்த அனுபவத்தைத் தேடி ஒரு குடும்பம் போவதில் தவறு காண முடியாது.

ஆனால் இந்தச் சிகிச்சையின் முதற்படி விமான டிக்கெட் அல்ல, எச்.எல்.ஏ. பரிசோதனை. கூடப் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பொருந்தினால் ஒரு கணக்கு. பொருந்தாவிட்டால் பாதி பொருந்தும் பெற்றோரிடமிருந்து எடுப்பது, வெளியாரைத் தேடுவது என்று பேச்சே மாறிவிடும். ஆபத்தும் கூடும், செலவும் கூடும். அந்தப் பரிசோதனை நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய இரத்தமாற்று நிலையத்தின் ஆய்வுகூடத்தில் செய்யப்படுகிறது. அதைச் செய்யாமல் 14 இலட்சம் என்று எழுதித் தரும் கடிதம் மதிப்பீடு அல்ல, ஊகம்.

புற்றுநோயில் கதை வேறு. மஹரகமவில் மட்டுமன்றி கண்டி, கராப்பிட்டிய, தெல்லிப்பழை, மட்டக்களப்பு, பதுளை, குருநாகல், அநுராதபுரம் ஆகிய இடங்களிலும் அரச புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. பல புற்றுநோய்களுக்கு இங்கே கொடுக்கும் அதே மருந்தைத்தான், அதே ஒழுங்கில்தான் அங்கும் கொடுக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது நோயாளியின் உரிமை. அதற்கு நோயாளி போகத் தேவையில்லை. பயொப்ஸி எடுத்த இழையத்தை மெழுகுக் கட்டியாக ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள். அந்தக் கட்டியையும் ஸ்கேன் பதிவான சீடியையும் கேட்டு வாங்கி அனுப்பினால் போதும். கீமோ எடுத்துக் களைத்துப்போன உம்மாவை லொட்ஜ் படிக்கட்டில் ஏற்றி இறக்குவதற்கு முன் இதைச் செய்யலாம்.

சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்ல எனக்குச் சொந்த அனுபவமே இருக்கிறது. என் சாச்சாவுடன் துணைக்குப் போனவன் நான். சென்னையில் ஒரு பெரிய தனியார் வைத்தியசாலை. சத்திரசிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், வைத்தியர்கள் திறமைசாலிகள். சிறுநீரகம் கொடுத்தது சாச்சி. எங்களை வதைத்தது கத்தி அல்ல, கடதாசி.

இந்தியாவில் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994 இல் வந்தது, 2011 இல் திருத்தப்பட்டது. அதன்படி கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், சகோதரர்கள், பாட்டன் பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரே நெருங்கிய உறவினர். மருமகனும் மச்சானும் அந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டவர் சம்பந்தப்பட்டால் அனுமதிக் குழு ஒன்றின் முன்னால் போக வேண்டும். உறவு உண்மை என்று நம் நாட்டுத் தூதரக அதிகாரி அத்தாட்சிப்படுத்த வேண்டும். நெருங்கிய உறவினர் அல்லாத இந்தியர் ஒருவர் உயிரோடிருக்கும்போது வெளிநாட்டவருக்குச் சிறுநீரகம் கொடுக்க முடியாது. "அங்கே போனால் ஆள் பிடித்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், அவர் உங்களைக் குற்றத்துக்குள் இழுக்கிறார் என்று விளங்கிக்கொள்ளுங்கள். சாச்சாவின் விவாகப் பதிவுச் சான்றிதழ் தமிழில் இருந்தது. அதற்கு மொழிபெயர்ப்பு, பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம், அதற்குச் சத்தியக் கடதாசி. ஐந்து கிழமை லொட்ஜில் வாடகை கட்டிக்கொண்டு காத்திருந்தோம். ஊரில் இருக்கும்போதே இரண்டு நாளில் முடித்திருக்க வேண்டிய வேலை அது.

பிறகு பில். மதிப்பீட்டில் ஒரு தொகை இருக்கும். அது குறித்த சில நாட்களுக்கும், குறித்த அறை வகைக்கும் உரியது. இந்தியத் தனியார் வைத்தியசாலைகள் பலவற்றில் அறையை மாற்றினால் அறை வாடகை மட்டும் கூடாது. சத்திரசிகிச்சைக் கட்டணம், வைத்தியர் கட்டணம், பரிசோதனைக் கட்டணம் எல்லாமே அறை வகையோடு சேர்ந்து ஏறும். பொது வார்டில் இடமில்லை, இரண்டு நாளைக்குத் தனி அறையில் இருங்கள் என்றார்கள். நாங்களும் ஏசி கிடைத்தது என்று சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷத்தின் விலை கடைசி நாளில்தான் தெரிந்தது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் மேலதிக நாட்கள், இரத்தம், தொற்று வந்தால் அதற்கான மருந்து, திரும்பத் திரும்பச் செய்யும் பரிசோதனைகள் ஆகியவை பெரும்பாலும் மதிப்பீட்டுக்கு வெளியேதான் நிற்கும். எது உள்ளே எது வெளியே என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நாணய மாற்றையும் மறக்கக் கூடாது. 2022 ஆரம்பத்தில் ஓர் இந்திய ரூபா சுமார் 2.70 இலங்கை ரூபா. சில மாதங்களில் அது நாலரையைத் தாண்டியது. அதே 14 இலட்சம், 38 இலட்சத்திலிருந்து 64 இலட்சமானது. பாதி வழியில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் அப்போது பட்ட பாட்டை நாமறிவோம்.

சாச்சா ஊர் திரும்பினார். விமான நிலையத்தில் மாலை போடாத குறை. உண்மையான சிகிச்சை அன்றுதான் தொடங்கியது. மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க டக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். அங்கிருந்து மூன்று மாத மருந்து கொண்டுவந்தோம். அது முடிந்ததும் கிளினிக்கில் வேறு கம்பனியின் மருந்து கிடைத்தது. மருந்து ஒன்றுதானே என்று விழுங்கிவிடக் கூடாது. கம்பனி மாறும்போது இரத்தத்தில் அதன் அளவைப் பரிசோதித்து, வைத்தியர் சொல்லும்படி மாற்ற வேண்டும். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காய்ச்சலும் கால் வீக்கமுமாக ஓர் இரவு அம்புலன்ஸில் ஓடினோம். கண்டியில் இருந்த வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "போகுமுன் ஏன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்பதுதான். அவர் கோபத்தில் கேட்கவில்லை. அவரிடம் சாச்சாவின் பழைய கோப்பு இருந்தது, புதிய கதை இல்லை. அல்லாஹ்வின் உதவியால் சாச்சா தப்பினார்.

கண்டியிலும், கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும், நம்மவர்கள் செறிந்து வாழும் மாளிகாவத்தையிலுள்ள சிறுநீரக வைத்தியசாலையிலும் இந்தச் சத்திரசிகிச்சை நடக்கிறது என்பதை நாங்கள் போகுமுன் விசாரித்தும் பார்க்கவில்லை. எங்களுக்கு வழி காட்டியது ஒரு வைத்தியர் அல்ல, ஒரு முகவர். நல்ல பேச்சுக்காரர். விமான நிலையத்தில் கார், வைத்தியசாலையில் வரிசையில் நிற்காமல் உள்ளே போகும் வசதி எல்லாம் அவர் ஏற்பாடு. எங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை, அதனால்தான் நம்பினோம். இந்தத் தொழிலில் முகவருக்குப் பணம் பெரும்பாலும் பில்லிலிருந்து விகிதமாகப் போகும். பில் ஏறினால் அவர் பங்கும் ஏறும். எல்லா முகவர்களும் மோசமானவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் "இங்கேயே செய்யலாம்" என்று உங்களிடம் சொல்வதில் அவருக்கு இலாபம் ஒன்றுமில்லை.

விசா பற்றி இரண்டு வார்த்தை. இணையத்தில் எடுக்கும் மருத்துவ விசா 60 நாட்களுக்கு, மூன்று முறை உள்ளே போய்வரலாம், துணைக்கு இருவருக்கு விசா கிடைக்கும். என்பு மச்சை மாற்றுக்கு அந்த நாட்கள் போதாது. நீடிப்பதற்கு அங்குள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தை நாட வேண்டும். தங்கும் லொட்ஜ்காரர் 24 மணித்தியாலத்துக்குள் உங்கள் விபரத்தைப் பதிய வேண்டும். பதிந்தாரா என்று கேளுங்கள், பின்னர் நீடிப்புக்குப் போகும்போது அது உதவும்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் திரும்பி வருவதில்லை. அங்கே வபாத்தானால் ஜனாஸாவைக் கொண்டுவர மரணச் சான்று, பொலிஸ் அனுமதி, உடலைப் பதப்படுத்திய சான்று, சென்னையிலுள்ள நம் துணை உயர்ஸ்தானிகராலயத்தின் கடிதம் என்று நாட்கள் போகும், பணமும் போகும். தாமதமின்றி அந்த ஊரிலேயே நல்லடக்கம் செய்வதா, கொண்டுவருவதா என்பதை நோயாளியின் வாயாலேயே கேட்டுவைத்துக்கொண்டு போவது கடினம்தான். துணைக்குப் போகும் ஒற்றை மகன் நள்ளிரவில் பிணவறை வாசலில் நின்று தனியாகத் தீர்மானிப்பது அதைவிடக் கடினம்.

இனி நம் பள்ளி நிர்வாகங்களின் விஷயம். கடிதத்துக்கு முத்திரை குத்துவது நாம். அந்த முத்திரையைப் பார்த்துத்தான் மக்கள் கொடுக்கிறார்கள். ஆகவே கேட்கும் பொறுப்பும் நமக்குண்டு. நோயாளியை இங்கே பார்த்த விசேட வைத்தியர் யார், அவர் போகச் சொன்னாரா? திரும்பி வந்ததும் எந்த கிளினிக் பொறுப்பேற்கும்? முதல் வருட மருந்துச் செலவு கணக்கில் இருக்கிறதா? ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பித்தார்களா? இப்போது அதைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். இதெல்லாம் ஏழையை விசாரணை செய்வதாகாதா என்று எங்கள் சபையில் ஒருவர் ஆட்சேபித்தார். அவர் சொன்ன தொனியில் கேட்டால் ஆகும்தான். கூட இருந்து கேட்டால் ஆகாது.

பணம் திரட்டும் சக்தி நம்மிடம் இருக்கிறது. 2016 இல் மஹரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க, மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தந்தை தொடங்கிய முயற்சியில் இன மத வேறுபாடின்றி மக்கள் கொடுத்து 20 கோடி ரூபாவுக்கு மேல் சேர்ந்தது. ஒவ்வொருவராக அனுப்பப் பணம் சேர்ப்பது ஒரு வழி. இங்கே இல்லாததை இங்கே கொண்டுவரச் சேர்ப்பது இன்னொரு வழி.

அந்தச் சிறுவனின் வாப்பாவிடம் பேசினேன். சென்னை வைத்தியசாலையை இணையத்தில் தேடிப் பிடித்தது வெளிநாட்டில் இருக்கும் மச்சான். குருநாகல் கிளினிக்கில் பிள்ளை பதிவில் இருக்கிறான், ஆனால் அங்கே இதைப் பற்றிச் சொல்லவில்லை. "ஏசுவார்களோ என்று பயம்" என்றார். அடுத்த கிளினிக் நாளில் நிர்வாக சபையிலிருந்து ஒருவர் கூடப் போனார். யாரும் ஏசவில்லை. பிள்ளைக்கு ஒரு ராத்தாவும் இரண்டு தம்பிமாரும் இருக்கிறார்கள். மூவரின் இரத்தமும் பரிசோதனைக்குக் கொடுத்தாகிவிட்டது. சேர்ந்த பணம் பள்ளிவாசல் கணக்கில் அவன் பெயரில் இருக்கிறது, முடிவு வரும்வரை அதில் யாரும் கை வைப்பதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறோம்.