இணைய ஏட்டில் தமிழ்: நாம் தொடாமல் விட்ட சில வசதிகள்

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே என்னும் சமண அம்மையார், பொன்னன் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதச் செய்து தானமாக வழங்கினார் என்று கன்னட இலக்கிய வரலாறு கூறுகிறது. சாஸ்திர தானம் எங்கள் சமயத்தின் நால்வகைத் தானங்களில் ஒன்று. ஆயிரம் படி என்றால் ஆயிரம் முறை ஓலையில் கீற வேண்டும். ஒவ்வொரு முறையும் கை எங்காவது தவறும். இப்படிச் சேர்ந்த வேறுபாடுகளைத்தான் பாடபேதம் என்கிறோம். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பல ஏடுகளை ஒப்பிட்டும், விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டும் அந்தச் சிக்கலைப் பிரித்தார்.

இன்று கூகுள் டாக்ஸ் என்னும் இணைய ஏட்டில் படி எடுக்கும் வேலையே இல்லை. ரைட்லி என்ற பெயரில் இருந்த செயலியை 2006-இல் கூகுள் வாங்கி இதை வளர்த்தது. ஏடு ஒன்றுதான், ஒரே சமயத்தில் 100 பேர் வரை திறந்து திருத்தலாம். ஆனால் நம் வீடுகளில் இதை வெறும் தட்டச்சுப் பொறியாகத்தான் வைத்திருக்கிறோம். பட்டியல்களைத் திறந்து பார்ப்பதே இல்லை.

முதலில் குரல் தட்டச்சு. அத்திபெலேயில் நம் பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு; ஆனால் தமிழில் பேசும் பிள்ளைக்குத் தமிழில் எழுத வராது. தாத்தாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னால் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறது. குரோம் உலாவியில் ஏட்டைத் திறந்து, 'டூல்ஸ்' பட்டியலில் 'வாய்ஸ் டைப்பிங்' என்பதைத் தொட்டால் ஒலிவாங்கிப் படம் வரும். அதன் மேலே உள்ள மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாலு தமிழ் இருக்கும். பிறகு படத்தைத் தொட்டுப் பேச வேண்டியதுதான். கூகுளின் குரல் அறியும் வசதியில் 2017-இல் தமிழ் உட்பட எட்டு இந்திய மொழிகள் புதிதாகச் சேர்ந்தன. நிறுத்தக் குறிகளைப் பிறகு நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளை 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று சொன்னாலும், முன்பின் சொற்களைப் பார்த்து இயந்திரம் சரியாகவே எழுதிவிடலாம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, நாக்கு திருந்தாது. ஆகவே எழுதி முடித்ததும் திரையில் உள்ளதைப் பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்தும் பழகும்.

அடுத்தது, என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரியது: பழைய நிலைகளின் வரலாறு. என் அத்தைக்கு நோன்புக் கதைகள் மனப்பாடம், எழுதத் தெரியாது. நாலு மாலை உட்கார வைத்து, அவங்க சொல்லச் சொல்ல குரல் தட்டச்சில் ஏற்றினேன். பதினோரு பக்கம் வந்தது. குடும்பத்தில் எல்லாரும் பார்க்கட்டும் என்று திருத்தும் உரிமையோடு இணைப்பை அனுப்பினேன், அதுதான் தவறு. ஒரு நாள் திறந்தால் ஏடு காலி. ஏதோ ஒரு பேரப்பிள்ளை விளையாட்டாக முழுவதையும் அழித்திருந்தது. அப்போது அத்தை உயிரோடு இல்லை.

'ஃபைல்' பட்டியலில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' என்று ஒன்று உண்டு. அதைத் திறந்தால் ஏட்டின் பழைய நிலைகள் தேதி, நேரத்தோடு வலப்பக்கம் வரிசையாக நிற்கும். உள்நுழைந்து திருத்தியவர் பெயரும் தெரியும். வேண்டிய தேதியைத் தொட்டு 'ரீஸ்டோர்' கொடுத்தேன். பதினோரு பக்கமும் வந்தாச்சு. சாமிநாதையர் ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டதை இது தானே எழுதி வைத்துக்கொள்கிறது. முக்கியமான நிலைக்கு நாமே பெயரும் சூட்டலாம். திருத்தும் உரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே இந்த வரலாறு தெரியும்.

இப்போது குடும்பத்தாருக்கு உரிமை கொடுக்கும்போது 'எடிட்டர்' என்று கொடுப்பதில்லை. 'கமெண்டர்' என்று கொடுத்தால், அவர்கள் செய்யும் மாற்றம் வேறு நிறத்தில் யோசனையாக மட்டும் நிற்கும். நாம் சம்மதித்தால்தான் மூலத்தில் சேரும். மலர்க் குழுவில் பிழை திருத்துவோருக்கும் இதுவே ஏற்றது. மூல ஆசிரியர் மனம் நோகாது.

மூன்றாவது, அச்சுப் பக்கத்தை எழுத்தாக மாற்றுவது. பழைய புத்தகத்தின் பக்கத்தை நேராகப் படம் எடுத்து, 2 எம்.பி.க்கு மிகாமல் கூகுள் டிரைவில் ஏற்ற வேண்டும். அதன்மேல் வல சுட்டு, 'ஓப்பன் வித்' வழியாக கூகுள் டாக்ஸில் திறந்தால், மேலே படமும் கீழே திருத்தக்கூடிய தமிழ் எழுத்துமாக வரும். தமிழ் விக்கிமூலத்துக்காக கணியம் த.சீனிவாசன் எழுதிய நிரலும் இந்த வசதியை வைத்தே இயங்கியது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் றா, னை போன்றவற்றின் பழைய வடிவங்கள் இருக்கும். அவற்றைக் கண்ணால் ஒருமுறை சரிபார்க்காமல் விடக் கூடாது. கையெழுத்துப் பிரதிக்கு இதை நம்ப வேண்டாம்; அதற்குக் குரல் தட்டச்சுதான் வழி, ஒருவர் படிக்க அது எழுதும்.

பாமினி முதலிய பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரைகளை இதில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த எழுத்துருக்கள் அவை. ஒருங்குறி மாற்றி ஒன்றில் போட்டு எடுத்து ஒட்டினால் தமிழ் திரும்பிவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், அழைப்பிதழ் அனுப்புவோருக்கு. ஏட்டின் இணைய முகவரி 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் பகுதியோடு முடியும். அதை அழித்துவிட்டு 'காப்பி' என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினால், திறப்பவருக்குத் தனிப் படி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கும். நம் மூலத்தை யாரும் தொட முடியாது. அவரவர் பெயரை அவரவர் படியில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன், இணைப்பு உள்ளவர் எவரும் பார்க்கலாம் என்று பகிர்வு உரிமையை மாற்றி வைக்க மறந்துவிடாதீர்கள்.