மறதிநோய் வந்தவரை எங்கே வைத்துப் பார்ப்பது?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஊர்களில் விடிந்ததும் பட்டாசு ஆலை வேன்கள் ஆளேற்றிப் போய்விடுகின்றன. கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டில், மறதிநோய் வந்த அம்மாவை யார் பார்ப்பது? இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

முதலில் பரிசோதனை

பி12 சத்துக்குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு உறைந்த ரத்தம் ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற மருத்துவமனையில் காட்டிய பிறகே மற்ற முடிவுகள்.

வீட்டில் பார்த்தால்

பழகிய திண்ணை, தெரிந்த குரல், கால் அறிந்த கழிவறை வழி: இவை பதற்றத்தைக் குறைக்கும். ஆனால் "வீட்டில் பார்த்தால் செலவில்லை" என்பது தவறு. செய்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட் வேலையில் போகாத நாளுக்குக் கூலி இல்லை. பெரும்பாலும் மகளோ மருமகளோ வேலையை விடுகிறார். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அந்த இழப்பு இன்னும் கூடும். வெளியே பூட்டிவிட்டுப் போவது ஆபத்து. வீட்டிலிருந்தே பட்டாசு செய்துகொண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றால், அது சட்டவிரோதம். மறதிநோயாளி உள்ள வீட்டில் வெடிமருந்து இருந்தால் ஆபத்து இரட்டிப்பு.

மாதம் ஒரு மகன் வீடு

முறை வைத்துப் பார்ப்பது நியாயமாகத் தோன்றலாம். இடம் மாறும்போதெல்லாம் நோயாளிக்குக் குழப்பம் கூடும். அம்மா ஒரே வீட்டில் இருக்க, பிள்ளைகள் முறை வைத்து வந்து போவது மேல்.

இல்லத்தில் சேர்த்தால்

இரவிலும் ஆள் இருக்கும். குடும்பத்தார் வேலையைத் தொடரலாம். ஆனால் மறதிநோய்க்கென்றே உள்ள இல்லங்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கின்றன; சாதாரண முதியோர் இல்லங்கள் பல இவர்களைச் சேர்ப்பதில்லை. மாதக் கட்டணத்துக்கு 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை எந்த மூலைக்கு? 70 வயது நிறைந்தோருக்கான 5 லட்சம் ரூபாய் ஆயுஷ்மான் காப்பீடு மருத்துவமனைச் சிகிச்சைக்குத்தான். இல்ல வாசத்துக்கு அல்ல. சேர்க்கும் முன் கேளுங்கள்: இரவில் எத்தனை பேர் பணியில்? கட்டிப்போடுவார்களா? தூக்க மாத்திரையை யார் சொன்னதன்பேரில் தருகிறார்கள்?

எப்போது மாற்றுவது?

நோயாளி வீட்டைவிட்டு அடிக்கடி வெளியேறுவது, அடிப்பது, பார்த்துக்கொள்பவரே நோயில் விழுவது ஆகிய மூன்றில் ஒன்று வந்தாலும் ஏற்பாட்டை மாற்ற யோசிக்கலாம். ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567. எந்த வழியானாலும், வேலையை விட்டவரின் கூலியையும் செலவுக் கணக்கில் எழுதி, உடன்பிறந்தோர் அனைவரும் பங்கிட வேண்டும்.