நெற்றியில் கல் போன்ற கட்டியா? பயம் வேண்டாம்!

நெற்றியில் ஒரு சிறு கட்டி. தொட்டால் கல்லைப் போல் கெட்டி. அமுக்கினால் நகராது; வலிக்காது. ஆண்டுக்கு ஆண்டு மெல்ல வளர்கிறது. "புற்று நோயோ?" என்று வீடே கலங்குகிறது. சுண்ணாம்பு தடவச் சொல்பவர்களும் உண்டு. சூடு போடச் சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. தோல்தான் புண்ணாகும், கட்டி கரையாது.

இப்படிப்பட்ட கட்டி பல சமயம் எலும்பிலேயே முளைத்த கட்டியாக இருக்கும். டாக்டர்கள் இதை 'ஆஸ்டியோமா' என்கிறார்கள். இது புற்று நோய் அல்ல. மற்ற உறுப்புகளுக்குப் பரவாது.

காவல் நிற்கும் தகடு

மண்டை ஓடு ஒரே பலகை அல்ல. வெளியே ஒரு கெட்டித் தகடு. உள்ளே ஒரு கெட்டித் தகடு. நடுவே கடற்பஞ்சு போன்ற எலும்பு. கட்டி பெரும்பாலும் வெளித் தகட்டில்தான் வளர்கிறது. கட்டிக்கும் மூளைக்கும் நடுவில் உள் தகடு காவல் நிற்கிறது.

ஆபரேஷன் எப்படி?

முதலில் எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். தொல்லை தராத சிறு கட்டியை அப்படியே விட்டுவிடலாம். முகத்தின் அழகைக் கெடுத்தால் அகற்றலாம். பல சமயம் தலைமுடிக்குள் கீறி, கட்டியை உளியாலோ சுழலும் கருவியாலோ செதுக்கி எடுக்கிறார்கள். தழும்பு முடிக்குள் மறைந்துவிடும். வெளித் தகட்டுக் கட்டி என்றால் மூளையைத் தொடுவதே இல்லை.

எப்போது ஆபத்து?

நெற்றி எலும்புக்குள் மூக்கோடு சேர்ந்த காற்றறைகள் உண்டு. அங்கே வளரும் கட்டி வெளியே தெரியாது. சளி வடியும் வழி அடைபட்டுத் தலைவலி வரும். கண் பிதுங்கவும் கூடும். அப்போது ஆபரேஷன் தேவைப்படும். கட்டி வேகமாக வளர்ந்தாலோ வலித்தாலோ தாமதிக்கக் கூடாது. தாடையிலும் மண்டையிலும் பல கட்டிகள் இருந்தால் குடலையும் சோதிக்க வேண்டும்.

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

ராயபுரம் வட்டாரத்து மக்கள் இதற்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. 1782-ல் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி. முதியவர்கள் அதைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1938-ல் அங்கே மருத்துவக் கல்லூரி தொடங்கியது.

மண்டையைத் திறக்கும் வைத்தியத்துக்குத் தனிப் பிரிவு, இந்தியாவில் முதன்முதலாக 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியால் ஏற்பட்டது. மறு ஆண்டே சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தி தொடங்கினார். இன்று ஸ்டான்லியிலும் அந்தப் பிரிவு இருக்கிறது.

கட்டியைக் கண்டால் சூட்டுக்கோலைத் தேட வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள்.