கடல் கடந்து உறவைப் பார்க்கப் போகுமுன்

"அண்ணன் கண்ண மூடுறதுக்குள்ள ஒரு தடவ பாத்துட்டு வந்துரணும்." அலவத்துகொடப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா, சம்பள நாளன்று எம்மிடம் வந்து சொன்ன வார்த்தை இது. அவருடைய அண்ணன் எழுபதுகளின் தொடக்கத்தில் குடும்பத்தோடு தலைமன்னாருக்கு ரயில் ஏறி, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போனவர். இன்று நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் இருக்கிறார். ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஆனாலும் கையைப் பிடித்துப் பேசுவது போல ஆகுமா?

இப்படிப்பட்ட உறவு இல்லாத லயம் எமது பகுதியில் குறைவு. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவானது. மீதி 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் அந்தப் பக்கம், தங்கச்சி இந்தப் பக்கம் என்று குடும்பங்கள் இரண்டானது அப்போதுதான். போனவர்களில் பலருக்கு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. டேன்டீ என்று அவர்கள் சொல்லும் தோட்டங்கள் அவைதான்.

ஆகவே வெளிநாட்டுப் பயணம் என்றதும் எமது மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சிங்கப்பூரோ லண்டனோ அல்ல, தமிழ்நாடுதான். அந்தப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது, என்ன செலவாகும் என்று பலர் கேட்டதால் இந்த முறை அதைப் பற்றி எழுதுகிறோம்.

அநேகம் பேர் செய்யும் பிழை, முதலில் டிக்கெட் விலையைக் கேட்பது. முதலில் பார்க்க வேண்டியது வீட்டுப் பெட்டியில் உள்ள பத்திரங்களை. பிறப்புச் சான்றிதழில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, கல்யாணச் சான்றிதழில் வேறொரு எழுத்து என்று எமது ஆட்களின் பெயர்கள் கிடக்கின்றன. யாரோ ஒரு கிளாக்கர் காதில் விழுந்ததை எழுதிய காலத்துக் குறை அது. சிலருடைய பிறப்புப் பதிவில் பெயரே இல்லை. தோட்டத்தில் வேலை செய்யும்போது இதனால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பாஸ்போர்ட் கேட்கும் அன்றுதான் தெரியும். நாம் சொன்ன அம்மாவுக்கும் அப்படித்தான். தகப்பன் பெயர் இரண்டு பத்திரத்தில் இரண்டு விதமாக இருந்தது. அதைத் திருத்த மட்டும் ஏழு மாதம் போனது. பயணத் தேதி குறிக்காமல் இருந்ததால் நஷ்டம் இல்லை. டிக்கெட் போட்டிருந்தால் அந்தக் காசு கடலில் போட்டதுதான்.

பெயர்த் திருத்தமும் விடுபட்ட பெயரைச் சேர்ப்பதும் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவில் விசாரிக்க வேண்டிய வேலை. இதற்குப் புரோக்கர் தேவையில்லை. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் பிரஜாவுரிமை பெற்ற குடும்பங்கள், அது சம்பந்தமான கடுதாசி எதுவானாலும் வீசிவிடாமல் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எப்போது கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

பாஸ்போர்ட்டுக்கு பத்தரமுல்லைக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கிளை கண்டியிலும் உண்டு. போகுமுன் நாள் எடுக்க வேண்டுமா, என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். போய்த் திரும்பி வந்தால் ஒரு நாள் பேரும் பஸ் காசும் நஷ்டம். போட்டோவை அனுமதி பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். விரல் அடையாளம் எடுப்பதால் ஆள் நேரில் போக வேண்டும். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து வருடம் செல்லும். சாதாரண சேவைக் கட்டணம் 2024 பெப்ரவரியில் 5,000 ரூபாவில் இருந்து 10,000 ரூபாவாகக் கூடியது. நீங்கள் போகும்போது எவ்வளவு என்பதையும் அதே போனில் கேளுங்கள். அவசரச் சேவைக்கு இதைவிட அதிகம். அவசரப்படாதவனுக்கு அந்தக் காசு மிச்சம்.

அடுத்தது விசா. கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருப்பது எமக்கு ஒரு வசதி. இலங்கையர் இந்தியச் சுற்றுலா விசாவை 2015 முதல் இணையம் வழியாகவும் எடுக்கலாம். ஈ-விசா என்பது அதுதான். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் போட்டோவையும் அனுப்பி, கார்டில் கட்டணம் கட்ட வேண்டும். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களே செய்துவிடலாம். ஆனால் கவனம். இந்திய அரசாங்கத்தின் இணையத்தளம் போலவே வேஷம் போட்ட தளங்கள் பல உண்டு; அவை இரண்டு மூன்று மடங்கு கட்டணம் எடுத்துவிடும். முப்பது நாள் விசாவுக்கு, போவதற்கு முப்பது நாளுக்குள்தான் விண்ணப்பிக்கலாம், குறைந்தது நாலு நாளாவது இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதக் காலமும் இரண்டு வெறும் பக்கங்களும் மிச்சம் இருக்க வேண்டும். இந்த விசாவோடு எல்லா இடத்திலும் இறங்க முடியாது. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் இறங்கலாம். வேறு இடம் என்றால் பட்டியலில் அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

ஒரு வார்த்தை இடையில். "விசிட் விசாவில போங்க, அங்க போய் வேலைக்கு மாத்திக்கலாம்" என்று வளைகுடா நாடுகளுக்கு ஆள் சேர்ப்பவர்கள் தோட்டங்களுக்கு வருகிறார்கள். 2022இல் ஓமானுக்கு அப்படிப் போன எமது நாட்டுப் பெண்கள் பட்ட பாடு பத்திரிகைகளில் வந்தது. உறவைப் பார்க்கும் விசா உறவைப் பார்க்க மட்டுமே.

விமானத்துக்கு வருவோம். கட்டுநாயக்கவில் இருந்து திருச்சி, சென்னை, மதுரைக்கு நேரடி விமானங்கள் உண்டு. திருச்சிக்கு ஒரு மணி நேரப் பறப்புத்தான். நீலகிரி உறவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு சென்னையைவிட திருச்சி நல்லது. அங்கிருந்து கோயம்புத்தூர் பஸ், பிறகு மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறலாம். விலை நாளுக்கு நாள் மாறும். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, பள்ளி விடுமுறை நாட்களில் ஏறிவிடும். கிழமை நடுவில் போய் கிழமை நடுவில் வந்தால் பெரும்பாலும் குறையும். மலிவான டிக்கெட்டில் சிலவேளை பெட்டிக்குத் தனிக்காசு கேட்பார்கள், தேதி மாற்ற முடியாது, காசு திரும்பாது. எத்தனை கிலோ என்பதைப் பார்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. எமது அலவத்துகொட வழியாகப் போகும் ஏ-9 வீதிதான் மாத்தளை, தம்புள்ளை தாண்டி யாழ்ப்பாணம் வரை போகிறது. எமது பாட்டன்மார் மன்னாரில் இறங்கி காட்டு வழியாக நடந்து மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்ததும் இந்த வடக்குத் திசையில் இருந்துதான். காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. நாலு மணி நேரப் பயணம். யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்கும், 2025 மார்ச் முதல் திருச்சிக்கும் விமானம் பறக்கத் தொடங்கியது. கப்பலில் பொருள் அதிகம் கொண்டுபோகலாம் என்று சிலர் விரும்புகிறார்கள். ஆனால் கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும். வாடைக்காற்றுக் காலத்தில் அதை நம்பித் தேதி வைக்க வேண்டாம் என்பது எமது அபிப்பிராயம்.

இனிக் கணக்கு. நாலு பேர் குடும்பத்துக்கு, பன்னிரண்டு நாளுக்கு, உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். விலைகள் எமது மதிப்பீடு மட்டுமே, நீங்கள் விசாரித்து உங்கள் தொகையைப் போட வேண்டும். போய்வர டிக்கெட் ஆளுக்கு 50,000 வீதம் 200,000. பாஸ்போர்ட், போட்டோ, அலைச்சல் எல்லாம் 35,000. விசாவுக்கு 20,000. கட்டுநாயக்கவுக்குப் போய்வர வான் 40,000. அங்கே பஸ், சாப்பாடு, கோயில் என்று நாளுக்கு 1,500 இந்திய ரூபா வீதம் 18,000. 2025இல் ஒரு இந்திய ரூபா சுமார் மூன்றரை ரூபாவாக இருந்தது, அந்தக் கணக்கில் 63,000. கொண்டுபோகும் சாமான் 30,000. கைக்காவலுக்கு 40,000.

இத்துடன் முடித்துவிடுகிறார்கள். ஆனால் புருஷனும் பெண்சாதியும் ஆளுக்குப் பன்னிரண்டு பேர் இழப்பதை யார் கணக்கில் சேர்ப்பது? 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தாலே 32,400 ரூபா. இப்போது உங்கள் சம்பளச் சீட்டில் உள்ள தொகையைப் போட்டால் இன்னும் கூடும். திரும்பி வந்த மாதம் கடைக்காரருக்குக் கொடுக்கக் காசில்லாமல் நிற்பது இதனால்தான். எல்லாம் கூட்டினால் 460,400 ரூபா. இரண்டு வருடத்தில் சேர்ப்பதானால் மாதம் 19,000 ரூபாவுக்கு மேல். தோட்டச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டு இது நடக்கிற காரியமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த இடத்தில்தான் நகை அடகுக் கடைக்குப் போகிறது, நுண்கடன்காரர் வாசலுக்கு வருகிறார். பன்னிரண்டு நாள் சந்தோஷத்துக்கு மூன்று வருட வட்டி. உறவு பார்க்கக் கடன் வாங்க வேண்டாம் என்று நாம் கண்டிப்பாகச் சொல்வோம். சேமலாப நிதியையும் இதற்கு எண்ண வேண்டாம், அது கைகால் ஓய்ந்த காலத்துக்கு.

நாம் சொன்ன அம்மாவின் வீட்டில் இதே கணக்கைப் போட்டார்கள். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் போக ஆசைப்பட்டார்கள். யார் போகாவிட்டால் பிறகு போகவே முடியாது என்று பார்த்தார்கள். அம்மாவும் துணைக்கு மகனும் மட்டும் போவது என்று முடிவானது. மருமகள்தான் அதை முதலில் சொன்னவர், அதையும் இங்கே எழுத வேண்டும். வானுக்குப் பதிலாக பஸ். டிக்கெட் 100,000, பத்திரச் செலவு 24,000, விசா 10,000, பஸ் 5,000, அங்கே நாளுக்கு 800 இந்திய ரூபா வீதம் 33,600, சாமான் 15,000, மகனின் பன்னிரண்டு பேர் 16,200, கைக்காவல் 25,000. மொத்தம் 228,800. இரண்டு வருடத்துக்கு மாதம் 9,500 ரூபா போல வருகிறது. லயத்துக்குள் பிடித்த சீட்டில் ஒன்றும், தீபாவளி முற்பணத்தில் ஒரு பங்கும், மிச்சம் வங்கிப் புத்தகத்திலுமாகச் சேர்த்தார்கள். ஒரு மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து போட முடியவில்லை, அடுத்த இரண்டு மாதம் கூட்டிப் போட்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில சில்லறை விஷயங்கள். காசை வங்கியில் அல்லது அனுமதி பெற்ற நாணயமாற்றுக் கடையில் மாற்றி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நகையை அள்ளிப் போட்டுக்கொண்டு போனால் சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டி வரும். மருந்து குடிப்பவர்கள் டாக்டரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். நீலகிரியில் இரவில் நுவரெலியா போல் குளிரும், கம்பளி தேவை. 2024 மே முதல் ஊட்டிப் பக்கம் போகும் வெளி வண்டிகளுக்கு ஈ-பாஸ் முறை வந்தது. வாடகை வண்டி பிடிப்பதானால் அதைக் கேளுங்கள், அரசு பஸ்ஸில் போனால் அந்தத் தொல்லை இல்லை. பாஸ்போர்ட்டின் பிரதி ஒன்றை வீட்டிலும் வைத்துவிட்டுப் போங்கள். தோட்ட ஆபீசில் லீவை எழுத்தில் கேளுங்கள், திரும்பும் தேதியையும் எழுதுங்கள். பெரட்டில் வாயால் சொல்லிவிட்டுப் போனதால் பேர் வெட்டுப்பட்டு வந்து சண்டை பிடித்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

அம்மா அண்ணனுக்கு என்ன கொண்டுபோனார் தெரியுமா? இரண்டு கிலோ தேயிலை. தேயிலைத் தோட்டத்தில் இருப்பவருக்குத் தேயிலையா என்று மகன் சிரித்தாராம். "இது நம்ம மலைக் கொழுந்துடா" என்றாராம் அம்மா. அண்ணன் பொட்டலத்தைப் பிரித்து முதலில் மோந்து பார்த்தாராம்.

பத்திரங்களில் பெயர்க் குழப்பம் உள்ளவர்கள், அடுத்த சம்பள நாளன்று வீட்டில் உள்ள எல்லாச் சான்றிதழ்களையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். போட்டோப் பிரதி வேண்டாம், மூலப் பத்திரத்தையே கொண்டுவாருங்கள்.