தறிக்குப் பக்கத்துல ஒரு பி.ஏ.: வேலை பார்த்துக்கிட்டே டிகிரி முடிக்க முடியுமா?

கவுன்சிலிங்ல முதல் பட்டதாரி சான்றிதழ் காட்டி கட்டணச் சலுகை வாங்கினவங்க நம்ம காலேஜ்ல எத்தனை பேர்? கை தூக்கச் சொன்னா பாதி கிளாஸ் தூக்கும். அந்தச் சான்றிதழுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. வீட்டுல உங்களுக்கு முன்னாடி யாரும் டிகிரி முடிக்கலைன்னுதான் அதுக்கு அர்த்தம். பெரிய காஞ்சிபுரத்துல, முக்கியமா பிள்ளையார்பாளையம் பக்கம், அந்த 'யாரும்' பெரும்பாலும் தறியில உட்கார்ந்திருக்கிற அம்மாவோ, பத்தாவதோட நிறுத்திட்டு நாடா பிடிச்ச அக்காவோதான்.

அவங்க இப்போ படிக்க நினைச்சா என்ன வழி? இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான். நெட்ல தேடறதும் ஃபார்ம் நிரப்பறதும் எப்படியும் உங்க தலையிலதான் விழும். அதனால உங்ககிட்டயே சொல்றேன்.

அப்போ ஊரை விட்டுப் போகணும்

அறிஞர் அண்ணா காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துல பிறந்தவர். வீட்டுச் சூழ்நிலையால இடையில படிப்பு தடைப்பட்டு, இங்க நகராட்சியில எழுத்தரா வேலை பார்த்திருக்கார். அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரியில சேர்ந்து 1934-ல பி.ஏ. ஆனர்ஸ் முடிச்சார். 1930-லயே கல்யாணம் ஆயிடுச்சு. அதாவது படிக்கும்போதே குடும்பஸ்தர். காஞ்சிபுரத்துக்கு பச்சையப்பன் கல்லூரி வந்ததே 1947-லதான். அதனால டிகிரி வேணும்னா ஊரையும் வேலையையும் விட்டுட்டுப் போறது தவிர அன்னைக்கு வேற வழி இல்லை.

இந்த நிலைமையை மாத்தினது அஞ்சல்வழிக் கல்வி, அதாவது நம்ம ஊர்ல 'கரஸ்'னு சொல்றது. டெல்லி பல்கலைக்கழகம் 1962-ல ஆரம்பிச்சது. சென்னைப் பல்கலைக்கழகத்தோட தொலைதூரக் கல்வி நிறுவனம் 1981-ல வந்தது. 1985-ல நாடாளுமன்றச் சட்டம் மூலமா இக்னோ, 2002-ல தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். நாம படிக்கிற பி.இ.-யை தொலைதூரத்துல நடத்த யு.ஜி.சி. அனுமதிக்கறது இல்லை. ஆனா வரலாறு, தமிழ், பொருளாதாரம், அரசியல் அறிவியல் மாதிரி பி.ஏ. பாடங்களை நடத்தலாம். லேப் தேவையில்லை. புத்தகமும் நேரமும் போதும்.

"கரஸ் டிகிரிக்கு மதிப்பு இல்லை"ன்னு யாராவது சொன்னா, யு.ஜி.சி. 2022 செப்டம்பர்ல வெளியிட்ட அறிவிப்பைக் காட்டுங்க. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துல தொலைதூர முறையிலயோ ஆன்லைன்லயோ வாங்கின டிகிரி, கல்லூரிக்குப் போய் வாங்கின டிகிரிக்குச் சமம்னு அதுல தெளிவா இருக்கு.

நேரம் இருக்கா? கணக்கு போடுவோம்

"வேலைக்கு நடுவுல எங்க படிக்கறது?"ங்கறதுதான் வீட்டுல வர்ற முதல் கேள்வி. இதுக்கு கணக்குலயே பதில் இருக்கு.

2022 டிசம்பர்ல யு.ஜி.சி. வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்புப்படி மூணு வருஷ இளங்கலைக்கு குறைஞ்சது 120 கிரெடிட். பல்கலைக்கழகத்தைப் பொறுத்து கொஞ்சம் கூடலாம். இக்னோ கணக்குல ஒரு கிரெடிட்னா 30 மணி நேரப் படிப்பு. பாடம் படிக்கறது, குறிப்பெடுக்கறது, அசைன்மென்ட் எழுதறது எல்லாம் இதுல அடக்கம். மொத்தம் 3,600 மணி நேரம்.

மூணு வருஷத்துல முடிக்கணும்னா வருஷத்துக்கு 1,200 மணி, அதாவது தினமும் மூணேகால் மணி நேரம். தறி வேலையும் சமையலும் பார்க்கற ஒருத்தருக்கு இது நடக்காது. ஆனா இக்னோ பி.ஏ.-வுக்கு குறைஞ்சபட்சம் 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம் அவகாசம் இருக்கு. ஆறு வருஷத்துக்குப் பிரிச்சா தினமும் ஒரு மணி 38 நிமிஷம். ராத்திரி ஓடற ரெண்டு சீரியலைவிட கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இன்னும் சின்னதா உடைச்சா பயம் போயிடும். நாலு கிரெடிட் தாள் ஒண்ணுக்கு 120 மணி நேரம். தினம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தா 80 நாள். "இன்னும் ஆறு வருஷம்"னு சொல்றதைவிட "இந்த 80 நாள்ல இந்த ஒரு தாள்"னு சொல்லுங்க. ஒரு பாவை அறுக்கற வரைக்கும் அடுத்த பாவைப் பத்தி யாரும் யோசிக்கறது இல்லையே, அதே மாதிரிதான்.

தேர்வையும் வேலைக்கு ஏத்த மாதிரி வெச்சுக்கலாம். இக்னோவுல ஜூன், டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு முறை தேர்வு. தயாரான தாளுக்கு மட்டும் கட்டணம் கட்டி எழுதலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில தெருவுல பாவு விரிக்க முடியாது, குழித்தறியில ஈரம் ஏறும், வேலை மெதுவாத்தான் ஓடும். தீபாவளி ஆர்டரும் முடிஞ்சிருக்கும். அந்த நேரத்துல படிச்சா டிசம்பர் தேர்வுக்குச் சரியா இருக்கும். முகூர்த்த சீசன்ல படிப்பைக் குறைச்சுக்கலாம்.

வரிசை மாறினா எல்லாம் போச்சு

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பத்தியைத்தான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா, இதை வெச்சுக்கோங்க.

இங்கிலாந்துல 1969-ல தொடங்கின ஓப்பன் யுனிவர்சிட்டி, முன்படிப்பு எதுவும் கேட்காமலே சேர்த்துக்கும். நம்ம ஊர்லயும் பல பல்கலைக்கழகங்கள் +2 இல்லாதவங்களை நேரடியா டிகிரியில சேர்த்துக்கிட்ட காலம் உண்டு. நிறைய பேர் அப்படிப் படிச்சு பட்டமும் வாங்கினாங்க. ஆனா தமிழ்நாடு அரசு 2009 ஆகஸ்ட் 18 தேதியிட்ட அரசாணை எண் 107-ல ஒரு கோடு போட்டது. பத்தாவது, +2, அதுக்கப்புறம் டிகிரி. இந்த வரிசையில வாங்கின பட்டம்தான் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும். வருஷக்கணக்கா உழைச்சு வாங்கின பட்டம், வரிசை சரியில்லைங்கற ஒரே காரணத்தால விண்ணப்பத்தோட முதல் பக்கத்துலயே நின்னுடும்.

அதனால பத்தாவதோட நின்னவங்க முதல்ல +2 முடிக்கணும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் மூலமா தனித்தேர்வரா எழுதலாம். இதனால நேரம் கூடும்தான், ஆனா பின்னாடி யாரும் கேள்வி கேட்க முடியாது. "+2 தேவையில்லை, ஒரே வருஷத்துல டிகிரி"ன்னு பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டியிருக்கற நோட்டீஸ்ல இருக்கற நம்பருக்கு தயவுசெஞ்சு போன் பண்ணாதீங்க.

சேர்றதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

முதல்ல அங்கீகாரம். யு.ஜி.சி.-யோட தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்துல, எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்தப் பருவத்துல நடத்த அனுமதி வாங்கியிருக்குன்னு பட்டியல் இருக்கும். பல்கலைக்கழகம் பெருசா இருந்தா மட்டும் போதாது. நீங்க சேரப்போற அந்தப் படிப்பு பட்டியல்ல இருக்கணும்.

ரெண்டாவது, ஐ.டி.க்கள். இப்போ தொலைதூரப் படிப்புல சேர 'டெப் ஐடி' வேணும். அதுக்கு முன்னாடி 'ஏபிசி ஐடி', அதாவது கிரெடிட்டை சேமிச்சு வெக்கற வங்கிக் கணக்கு மாதிரி ஒண்ணு எடுக்கணும். ஆதாரும் அதோட இணைச்ச போன் நம்பரும் கையில இருந்தா உங்களால உட்கார்ந்த இடத்துல முடிச்சுடலாம். அம்மாவுக்குத் தனியா விட்டா இந்த இடத்துலயே நின்னுடும்.

மூணாவது, பயிற்று மொழி. தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு, தமிழ்லயே பாடநூலும் தேர்வும் இருக்கற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பொருத்தமா இருக்கும். இங்கிலீஷ்ல எழுதத் தயார்னா இக்னோ.

நாலாவது, பணம். நெசவாளர் குடும்பங்களுக்காக மத்திய ஜவுளி அமைச்சகம் 2016-ல இக்னோவோடயும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியோடயும் ஒப்பந்தம் போட்டது. நெசவாளர் குடும்பத்துல இருக்கற பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., வறுமைக் கோட்டுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு 75 சதவீதக் கட்டணத்தை அமைச்சகமே ஏத்துக்கும்ங்கறது திட்டம். காஞ்சிபுரத்துலயே நெசவாளர் சேவை மையம் இருக்கு. நெசவாளர் அடையாள அட்டையோட போய், இந்த வருஷம் எப்படி விண்ணப்பிக்கணும்னு கேளுங்க.

உண்மையில கஷ்டம் எங்க?

பாடத்தைவிட எழுதறதுதான் கஷ்டம். பதினஞ்சு இருபது வருஷமா கணக்கு நோட்டைத் தவிர எதுவும் எழுதாத கை, தேர்வு ஹால்ல மூணு மணி நேரம் எழுதணும். அதுக்கு ஒரே மருந்து தினமும் ஒரு பக்கம் எழுதறதுதான். இக்னோவுல அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. அசைன்மென்டையும் கையாலதான் எழுதணும். அதை நல்ல பயிற்சியா எடுத்துக்கலாம். அவசரத்துக்கு நீங்க எழுதிக் கொடுத்துடாதீங்க. தேர்வு ஹால்ல நீங்க இருக்க மாட்டீங்க.

அடுத்தது தனிமை. நமக்கு ஹாஸ்டல் இருக்கு, கடைசி ராத்திரியில புரிய வைக்க ஒரு நண்பன் இருக்கான். அவங்களுக்கு யாரும் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் போன்ல "என்ன படிச்சே, சொல்லு"ன்னு கேட்க ஒருத்தர் இருந்தாலே பாதி பாரம் குறையும்.

படிக்கறதுல விஷயமும் இருக்கு. வரலாறு எடுத்தா, பிள்ளையார்பாளையம் பக்கத்துலயே இருக்கற கைலாசநாதர் கோயிலை ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல கட்டினது பாடமா வரும். உத்திரமேரூர் கல்வெட்டுல குடவோலைத் தேர்தல் வரும். தினமும் கடந்து போற கல்லைப் பத்தி முதல் தடவையா படிக்கறவங்க முகத்தைப் பார்க்கணும்.

உங்களுக்கும் ஒரு சேதி. 2022 ஏப்ரல்ல வந்த யு.ஜி.சி. வழிகாட்டுதல்படி, ஒரு டிகிரியை நேர்ல படிச்சுக்கிட்டே இன்னொண்ணைத் தொலைதூரத்துல படிக்கலாம். உங்க பல்கலைக்கழகத்தோட விதியைப் பார்த்துட்டு நீங்களும் அதே பி.ஏ.-வுல சேரலாம். அப்போ அந்த வாரப் போன் ரெண்டு பேருக்குமே பாடமா இருக்கும்.

இந்த வாரக் கடைசியில வீட்டுக்குப் போறப்போ மூணு விஷயம் பண்ணுங்க: பழைய மார்க் ஷீட் எங்க இருக்குன்னு தேடுங்க, ஆதார்ல இருக்கற பேரும் அதுல இருக்கற பேரும் ஒண்ணான்னு பாருங்க, எந்தப் பாடம் பிடிக்கும்னு கேளுங்க. மூணாவது கேள்வியை அவங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. பதில் வர கொஞ்ச நேரம் ஆகும். காத்திருங்க.