கொட்டியாரக் குடாவின் வரவு செலவுக் கணக்கு

திருக்கோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசுவோர் அதன் ஆழத்தையும் அரணையுமே பெரிதும் பேசுவர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலேயரும் இத்துறையை நாடி வந்தனர். பிரித்தானியக் கடற்படைத்தளம் 1957 ஆம் ஆண்டில் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. துறைமுகத்தைச் சார்ந்து கிடக்கும் கொட்டியாரக் குடா ஆண்டுதோறும் எம் மக்களுக்கு எதனை ஈகின்றது என்று கணக்கெடுத்தோர் மிகச் சிலரேயாவர். அக்கணக்கை எழுதும் முறையைக் கற்பிக்கும் கலையே சூழலியற் பொருளியல். அதன் அடிப்படைகளை எமது மாணவர்க்கு எடுத்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காட்டிலே நிற்கும் மரம் நாட்டின் வருமானக் கணக்கில் இடம்பெறுவதில்லை. அதனை வெட்டி விற்றவுடன் அது வருமானமாகின்றது. முதலை விற்று உண்பவன் தன்னைச் செல்வன் என்று எண்ணுவது போன்றதே இது. மனிதரின் பொருளாதாரம் இயற்கை என்னும் பெரிய வீட்டினுள்ளே ஓர் அறை. அறை வளர வளர வீடு வளர்வதில்லை. இவ்வுண்மையை 1966 இல் கென்னத் போல்டிங்கும், 1971 இல் ஜோர்ஜெஸ்கு-ரோகனும், அவர் மாணாக்கரான ஹேர்மன் டேலியும் வலியுறுத்தினர். இவர்களுக்கு முன்னரே, தஞ்சையிற் பிறந்த தமிழரான ஜே. சி. குமரப்பா, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி 1945 இல் ஒரு நூல் வெளியிட்டார் என்பது நாம் மறக்கத்தகாத செய்தியாகும்.

இனிக் குடாவை நோக்குவோம். 335 கிலோமீற்றர் நீளமுடைய மகாவலி கங்கை, இலங்கையின் நீண்ட ஆறு, மூதூருக்கு அண்மையில் இங்கேதான் கடலொடு கலக்கின்றது. நன்னீரும் உவர்நீரும் கலக்குமிடத்திற் கண்டற் காடுகள் வளர்கின்றன. அவற்றின் வேர்களிடையே மீன் குஞ்சும் இறாற் குஞ்சும் ஒதுங்கி வளர்கின்றன. அலையின் வேகமும் அங்கே தணிகின்றது. இத்தொண்டுகளுக்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. ஆதலால் எந்த ஏட்டிலும் இவை பதியப்படுவதில்லை. 1976 இற் பொல்கொல்லையில் ஆற்றுநீர் திருப்பப்பட்டது. 1985 இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. மின்சாரமும் நெல்லும் வரவாக எழுதப்பட்டன. கழிமுகத்துக்கு வராது போன நீரும் வண்டலும் யாருடைய செலவு ஏட்டில் எழுதப்பட்டன? இவ்வினாவே எமது பாடத்தின் தொடக்கம்.

விலையில்லாப் பொருளை மதிப்பிடுவது எங்ஙனம்? முறைகள் பல, நான்கினை ஈண்டுக் கூறுவோம். முதலாவது சந்தை விலை: பிடிபட்ட மீனை விற்ற தொகையிலிருந்து வலை, படகு, உழைப்பு ஆகியவற்றின் செலவைக் கழிக்க எஞ்சுவது கடலின் கொடை. இரண்டாவது பதிலீட்டுச் செலவு: கண்டற் காடு அழிந்தால் அவ்விடத்திற் கல்லணை கட்ட எவ்வளவு வேண்டும் என்று கணித்தல். மூன்றாவது பயணச் செலவு: நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவின் முருகைக்கற் பாறைகளைக் காண வருவோர் செலவிடும் பணமும் நேரமும் அத்தீவின் மதிப்புக்கு ஓர் அளவுகோல். 1963 இற் சரணாலயமான அத்தீவு 2003 இல் தேசிய பூங்காவாயிற்று. நான்காவது, ஒன்றைக் காப்பதற்கு எவ்வளவு கொடுக்க இசைவீர் என மக்களையே வினவுதல்.

இவை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கொழும்புக்கு வடக்கேயுள்ள முத்துராஜவெல சதுப்பு நிலம் 2003 இல் இவ்வாறு மதிப்பிடப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 72 கோடி ரூபா என்று கண்டனர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, வெள்ளத்தைத் தாங்கி மெல்ல வடியவிடும் தொண்டுக்குரியது. பாழ்நிலம் என இகழப்பட்ட சேறே ஊரைக் காத்து நின்றது.

காலத்தைக் கணக்கிடுவதில் மாணவர் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். முப்பது ஆண்டுகளின் பின் நேரும் நூறு ரூபா நட்டத்தை, ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் கழித்தால் இன்றைய மதிப்பு ஆறு ரூபாவிலும் குறைவு. மூன்று வீதம் கழித்தால் நாற்பத்தொரு ரூபா. வீதத்தை மாற்றிய மாத்திரத்தே பேரப்பிள்ளையின் நட்டம் ஏழிலொன்றாய்ச் சுருங்கிவிடுகின்றது! ஆகவே திட்ட அறிக்கை ஒன்றைக் கையிலெடுப்பவர் முதலிற் பார்க்க வேண்டியது அவ்வீதத்தையே.

குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் இதற்குச் சான்று. 2006 இற் போரினால் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அங்கே இந்திய நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் கூடி 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிட்டன. 2015 முதல் மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பினர். 2016 இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்பிரலில் அங்கே 120 மெகாவாற்றுச் சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நிலக்கரி மின்சாரத்தின் விலையில் புகையும் சாம்பலும் கடலிற் சேரும் வெந்நீரும் அடங்கினாலன்றி அவ்விலை முழு விலையாகாது. சூரியனுக்குக் கூலியில்லை, எனினும் நிலத்துக்கு உண்டு. அந்நிலத்தில் மேய்ந்த மாடும் விளைந்த பயிரும் எவருடையவை என்பதையும் கணக்கு வினவவே வேண்டும்.

மொத்த இலாபம் மட்டும் போதுமானதன்று. மின்விளக்கு ஓரூரில் எரிய, வலை வெறுமையாய்த் திரும்புவது இன்னோரூரிலாயின், இரண்டையும் கூட்டிக் கழித்து ஈடு செய்துவிட்டோம் என்பது நீதியாகாது. பெறுவோர் யார், இழப்போர் யார் என்று தனித்தனியே எழுதுதல் வேண்டும். அன்றியும், சுவாமிமலையிற் கோணேசர் கோயிலின் கீழே முழங்கும் கடலுக்கு எவ்வெண்ணை இடுவது? எண்ணாலளக்க இயலாதவற்றைச் சுழியம் என எழுதாது, சொல்லாற் பதிந்து வைத்தலும் இக்கலையின் ஒழுங்கே.

மாணவர்களே, தொடங்குவதற்குப் பெருநூல் எதுவும் வேண்டா. உங்கள் ஊர்க்கரையில் ஒரு மைல் தூரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை தோணிகள் இறங்குகின்றன, எத்தனை குடும்பங்கள் அவற்றால் உண்கின்றன, கண்டல் எவ்வளவு நிற்கின்றது என்று ஓராண்டு குறித்து வாருங்கள். முதிய மீனவரிடம் அவர் இளமைக் காலத்து நிலையைக் கேட்டு எழுதுங்கள். பழைய மாணவர்களாகிய நாம் அலுவலகங்களிலும் சபைகளிலும் அமர்ந்து திட்டங்களுக்குக் கையொப்பமிடுகின்றோம். அவ்வேளை உங்கள் குறிப்பேடு எம் மேசைமீது இருக்குமாயின், குடாவைப் பற்றிய முடிவு குடாவை அறிந்த முடிவாயிருக்கும்.